பேச்சுத் தராத வீடு

மகன்,

நீ என்னோடு கதையாமல் விட்டுக் கிழமைகள் ஆகிவிட்டன. தொலைபேசி எடுத்தால் உன் குரல் வருகிறது, ஆனால் அது நீ பதிந்து வைத்த குரல். பிரெஞ்சில் ஒரு தரம், இங்கிலிசில் ஒரு தரம், பெயரையும் இலக்கத்தையும் சொல்லச் சொல்லுகிறது. நான் சொல்லவில்லை. என் இலக்கம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். விறுவிறென்று வாசித்துவிட்டு எறியாமல், எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியிருப்பதும் நல்லதுதான்.

டிலானி உன்னோடு நிச்சயித்த கலியாணத்தை நிற்பாட்டிவிட்டு ஸ்காபரோவில் இருக்கிற தமக்கையிடம் போய்விட்டாள். அதை நான்தான் செய்வித்தேன் என்று நினைக்கிறாய். கடைசியாகக் கதைத்த அன்று நீ சொன்னது இது: "உங்களுக்கு விட்டிட்டுப் போறது பழக்கம் அம்மா. இப்ப அவளுக்கும் பழக்கிப் போட்டீங்கள். எனக்கு ஒன்பது வயசிலயே என்னை அனுப்பிப் போட்டுப் பார்ட்டியில நிண்டனீங்கள்தானே." நான் வாய் திறக்க முதல் தொலைபேசியை வைத்துவிட்டாய். சொல்ல விடாத மறுமொழியை இப்போது எழுதுகிறேன். அவளுக்குச் சொன்ன அதே கதைதான். அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று என்னிடம் இரண்டு கதை இல்லை.

அந்த விருந்து ஆற்றுக்கு நடுவில் இருக்கிற இல்-பிசார் தீவில் நடந்தது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் அங்கே தனி வீடு வாங்கி, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்து மத்தியானச் சாப்பாடு வைத்தார். மாசி மாதம். சாப்பிட்டு முடிய அப்பாவைப் பாடச் சொன்னார்கள். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் அவர்தான் முதல் குரல் என்பது உனக்குத் தெரியும். பாடி முடித்ததும் யாரோ ஒரு பெண், "உங்களுக்கென்ன அக்கா, வீட்டில ஒவ்வொரு நாளும் கச்சேரி" என்றாள். நானும் சந்தோஷத்தில், "வீட்டில அவர் வாய் திறந்தாலே பெரிய காரியம்" என்று சொல்லிப்போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லோரிலும் கூடச் சிரித்தார். பிறகு நான் நிலவறையில் பெண்களோடு நின்று கோப்பைகளைக் கழுவிவிட்டு மேலே வந்தேன். வாசலில் உன்னுடைய சப்பாத்தும் இல்லை, அவருடைய சப்பாத்தும் இல்லை. வீட்டுக்காரி, "அண்ணை எங்கை?" என்று கேட்டாள். காரைச் சூடாக்கப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கார் நின்ற இடத்தில் அதன் அச்சு மட்டும் வெண்பனிச் சினோவில் இருந்தது.

திரும்பி உள்ளே போய் யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டால் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதிலும் பார்க்க நடப்பது சுகமாக இருந்தது. அந்தத் தீவில் பஸ் எப்போதாவதுதான் வரும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சீலையோடும் விருந்துச் சப்பாத்தோடும் பாலத்தைக் கடந்து, ஆற்றுக் காற்றில் கண் தண்ணீர் கன்னத்தில் உறைய நடந்து போய் அக்கரையில் பஸ் எடுத்தேன். லாசாலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர நன்றாக இருண்டுவிட்டது. அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நீ படுத்துவிட்டாய். காலமை என்னோடு கோபமாக இருந்தாய். "நீங்கள் அங்க நிக்க ஆசைப்பட்டதாம், அப்பா சொன்னவர்" என்றாய். கால் பெருவிரல் இரண்டும் வீங்கிப்போய் நின்றேன். பிறகு நகம் கறுத்துக் கழன்று விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல? உன் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தந்து அனுப்பினேன்.

நீ வளர்ந்த வீடு அது. நீ பார்த்தாய், ஆனால் பார்த்தது என்னவென்று உனக்கு யாரும் பெயர் சொல்லித் தரவில்லை. அப்பா குடிக்கவில்லை. கை நீட்டவில்லை. சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பூசை தவறவிட்டதில்லை. ஆனால் அவருக்கு மனம் கோணினால் கதை நின்றுவிடும். ஒரு கிழமை, இரண்டு கிழமை, சில வேளை நத்தார் தொடங்கித் தவக்காலம் வரைக்கும். காரணம் சொல்ல மாட்டார். நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையில் ஒரு கோர்வை திறப்பை வைத்துக்கொண்டு பூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற மாதிரி, கறிக்கு மன்னிப்புக் கேட்பேன், என் தம்பியோடு தொலைபேசியில் கதைத்ததற்குக் கேட்பேன், சிரித்ததற்குக் கேட்பேன். ஒன்று பொருந்தினால் திறப்பார். அந்த நாளில் எனக்கு வருகிற ஆறுதலைத்தான் கனகாலம் அன்பு என்று நினைத்திருந்தேன். திறக்காத நாட்களில் நீதான் எங்களுக்கு நடுவில் தபால்காரன். மேசையில் நான் பக்கத்தில் இருக்க, "தம்பி, உப்பு எங்கை எண்டு அம்மாட்டைக் கேள்" என்பார். நீ என் முகத்தைப் பார்த்து, "அம்மா, உப்பு எங்கை?" என்பாய். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தாய். ஓடி ஓடிச் செய்தாய்.

நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்தில் நான் கர்க்லாண்டில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, படுக்கை விரிப்பது. அங்கே திருமதி ஹார்ப்பர் என்று ஒரு கிழவி இருந்தார். கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. நான் செய்கிற எதிலும் பிழை பிடிப்பார். அவருடைய மகள் மாதத்துக்கு ஒரு தரம் காதல் நாவல்கள் கொண்டுவந்து அடுக்குவாள், எல்லாம் ஆமிஷ் ஆட்களைப் பற்றியவை. அமெரிக்காவில் இருக்கிற ஒரு வேதக்கார இனம். மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம், குதிரை வண்டியில் போவார்கள். பெண்கள் வெள்ளைத் தொப்பி போட்டுத் தலையை மூடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான். என் வேலை முடிந்து அடுத்த பஸ் வருகிற வரைக்கும் வாசிக்கச் சொல்லுவார். என் இங்கிலிசைத் திருத்தித் திருத்திக் கேட்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் ஆட்களைப் போலத்தான் இருந்தார்கள் அந்த ஆட்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கோயில்தான் ஊர், யார் வீட்டில் என்ன சமையல் என்பது வரைக்கும் கதை போகும்.

அதில் ஒரு கதையில் லிடியா என்று ஒரு பெட்டை. ஊரே மெச்சுகிற ஒருவனைக் கட்டுகிறாள். கடின உழைப்பாளி, பக்திமான். அவள் சுட்ட பாண் கருகினால் அவன் அடிப்பதில்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் கதைப்பதில்லை. தங்கச்சியை வீட்டுக்கு வர வேண்டாம் என்கிறான். நடந்ததை நடக்கவில்லை என்கிறான், உனக்குத்தான் ஞாபகம் பிசகு என்கிறான். ஒரு நாள் நாலு பேர் சாப்பிடுகிற மேசையில், பக்கத்தில் மனுசி இருக்க, தன் தம்பியைக் கூப்பிட்டு, அவளிடம் உப்பைக் கேட்டு வாங்கித் தா என்கிறான். அந்த வரியில் நான் வாசிப்பை நிற்பாட்டிவிட்டேன். கிழவி, ஏன் நிற்பாட்டினாய் என்று கேட்டார். பிறகு தானாகவே சொன்னார், அவன் பாவம், கதைக்கத் தெரியாத மனுசன், என்னுடைய வில்லியமும் அப்படித்தான் என்று.

"இல்லை" என்றேன். அதுவரைக்கும் அந்த இல்லத்தில் யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. "அவனுக்குக் கதைக்கத் தெரியும். ஊரோடை கதைக்கிறான். குதிரையோடையும் கதைக்கிறான். அவளுக்குத்தான் குடுக்காமல் வைச்சிருக்கிறான்."

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிசில்தான் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிற ஒருவனைப் பற்றித்தான் சொன்னேன். கிழவிக்கு அது ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவும் தேவையில்லை. "சரி சரி, மேலே வாசி, லிடியாவை விரும்புகிற அந்த வண்டிக்காரப் பெடியன் வருகிற இடம் கிட்டடியில் இருக்க வேண்டும்" என்றார். வாசித்தேன். லிடியா ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். அவர்கள் குசினியில் வந்து இருந்து, நல்ல மனுசனைப் பற்றிக் குறை சொன்னதற்காக அவளை முழந்தாளில் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். கடைசியில் மாட்டுக் கொட்டகையில் கூரைத் தீராந்தி விழுந்து அவன் சாகிறான், வண்டிக்காரப் பெடியன் அவளைக் கட்டுகிறான். கிழவி சந்தோஷமாக நித்திரை கொண்டார். எனக்கு அந்த முடிவில் ஆத்திரம் வந்தது. உன் அப்பாவுக்கு மேல் ஒரு தீராந்தியும் விழப் போவதில்லை, விழவும் வேண்டாம். எழுதினவள் லிடியாவைக் கால் நடையாக வெளியே கொண்டுவரப் பயந்து, கடவுளைக் கூப்பிட்டு ஒரு சாவைப் போட்டு முடித்துவிட்டாள்.

அந்த நாட்களில் அப்பா கதையாமல்தான் இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்றுக்கு ஓம் சொன்னதற்கு என்று நினைக்கிறேன். கதை வாசித்து முடிந்த அன்று பின்னேரம் சோற்றைப் போட்டுக்கொண்டு முதல் தரமாக அவருக்கு நேரெதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டேன். "நான் இனி மன்னிப்புக் கேக்க மாட்டன். என்ன பிழை எண்டு நீங்கள் சொன்னால் கதைப்பம்" என்றேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இரண்டு மாதம் கூட்டியபடியே வைத்திருந்தார். அதற்குப் பிறகு கோயில் சுவாமியிடம் போனேன். சுவாமி இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தினார். அப்பா அழுதார். "சுவாமி, நான் இவவுக்கு என்ன குறை வைச்சனான்? ஒரு நாள் கை நீட்டியிருப்பனோ, கேட்டுப் பாருங்கோ" என்றார். சுவாமி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன், அது உண்மைதானே. பொறுமையாக இருங்கோ, இப்படி ஒரு மனுசன் கிடைக்க எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்று சொல்லி ஆசீர்வாதம் தந்தார். காரில் வரும்போது அப்பா சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

உயிர்ப்புத் திருநாள் கழிய நான் வெளிக்கிட்டேன். என்னோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரி ஒருத்தி தன் வீட்டில் அறை தந்தாள். உன்னையும் வரச் சொன்னேன். நீ கதவில் சாய்ந்து நின்று, "அப்பா தனிய நிப்பார்" என்றாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. அப்போது உனக்கு இருபது வயது, உன் இரக்கம் நல்ல இரக்கம். ஆனால் விட்டுவிட்டுப் போனேன் என்று நீ சொல்லுகிறபோது, நான் எதை விட்டுப் போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் சில மாதம் நான் அதே கோயிலுக்குத்தான் போனேன். பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரம் முன்வாங்கில் இருக்கிற பெண் இடப்பக்கம் திரும்புவாள், வலப்பக்கம் திரும்புவாள், பின்னால் திரும்ப மாட்டாள். என் பிள்ளைப்பேற்றுத் துடக்குக்குக் காயச் சரக்குக் காய்ச்சித் தந்த மனுசி அவள். பிறகு நான் பிரெஞ்சுக்காரரின் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே பிரசங்கம் பாதி விளங்காது, கை கொடுப்பார்கள்.

இனி டிலானி. ஆவணி மாதம் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் சாப்பிட வந்தீர்கள். கர்க்லாண்டில் வீடு பார்க்கப் போய்ப் பாதை தவறிச் சுற்றின கதையை அவள் சிரிப்போடு சொன்னாள். "மாமி, இவர் வழி கேக்கமாட்டார். ஒரே பூங்காவை மூண்டு தரம் பாத்தனாங்கள்" என்றாள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு உன் முகத்தில் ஒரு கதவு சாத்துப்பட்டதைக் கண்டேன். என்னோடு மரியாதையாகக் கதைத்தாய். மீன் குழம்பு நல்லாயிருக்கு என்றாய். கோப்பையைக் கழுவி வைத்தாய். நான் தேத்தண்ணி போட எழும்பினேன். டிலானி உன் தோளோடு தோள் முட்ட இருக்கிறாள். நீ என்னைப் பார்த்து, "அம்மா, டிலானிக்குச் சீனி வேணுமோ எண்டு கேளுங்கோ" என்றாய்.

மகன், எனக்குக் கால் குளிர்ந்துவிட்டது. அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு உன் முகத்தைப் பார்த்தாள். "சொறி, நான் சும்மா சொன்னனான்" என்று உன் சட்டைக் கையைத் தொட்டாள். நீ அந்தக் கையை விலக்கிக்கொண்டு கரண்டியை எடுத்தாய். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால் எவ்வளவு அமைதியான பெடியன் என்று சொல்லியிருப்பார்.

ஒன்றரைக் கிழமை கழித்து அவள் தனிய வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், பகலில் பார்க்கிற கார்டரிக் குழந்தைகளோடு வரைந்த வண்ணம் விரலில் இருந்தது. தோள் பையைக் கழற்றாமலே இருந்து கேட்டாள். "மாமி, ஒண்டு கேக்கிறன், பிழையா எடுக்காதேங்கோ. இவருக்கு இது வழமையா எத்தினை நாளைக்கு இருக்கும்?"

என்னிடம் முப்பது வருஷமாக எல்லோரும் சொன்ன பதில் வாயில் தயாராக இருந்தது. போகப் போகச் சரிவரும் பிள்ளை, ஆம்பிளைகள் அப்பிடித்தான். அதைச் சொல்லியிருந்தால் நீ இன்று என்னோடு கதைத்துக்கொண்டிருப்பாய். கலியாணமும் நின்றிருக்காது. நான் அவளிடம், என்ன பிழை விட்டீர் என்று உமக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியாது மாமி. பாதைக் கதையோ, இல்லாட்டி அதுக்கு முதல் ஏதுமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். வேலையிலயும் அதே யோசினை. நேற்று ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தைக் கால் மாறிப் போட்டு அனுப்பிப் போட்டன்."

அந்தப் பிள்ளையின் சப்பாத்தைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். நான் அவளுக்கு இல்-பிசார் கதையைச் சொன்னேன். உப்பைச் சொன்னேன். சுவாமியிடம் போனதைச் சொன்னேன். அவனை விடு என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவள் கேட்டாள், இவர் மாறுவாரோ என்று. "மாமா மாறேல்லைப் பிள்ளை. தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு சொன்னால் அது பொய்" என்றேன். தாய்க்கு அதைச் சொல்ல எப்படி வந்தது என்று நீ கேட்பாய். உன்னை விரும்பாமல் சொல்லவில்லை. அவள் என் மேசையில் இருந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் உன்னை விட்டது என் கதையால் இல்லை. ஸ்காபரோவுக்குப் போக முதல் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். உன் காரில் இருந்து, "கோபம் எண்டாவது சொல்லுங்கோ, நான் நிக்கிறன்" என்று கேட்டதாகவும், நீ காரை ஸ்டார்ட் பண்ணி அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டதாகவும் சொன்னாள். கதவைக்கூட மெல்லமாகச் சாத்தினாராம் மாமி என்றாள். அவளைத் தேடிப் போகாதே. பூவோடும் போகாதே, என்னைத் தூதும் அனுப்பாதே. அவள் திரும்பி வரமாட்டாள். இதை உனக்குச் சொல்லுவது எனக்குச் சுகம் இல்லை. எனக்கும் அவளைப் பிடிக்கும்.

ஆனால் நீ அப்பா இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பள்ளிக்கூடம் முடிகிற வருஷம் நீ கணக்கில் தவறினாய். அப்பா உன்னோடு கதையை நிற்பாட்டினார். முதல் தரம் உன்னோடு. ஐப்பசி தொடங்கிச் சினோ கரையும் வரைக்கும். நீ அவர் இருக்கிற அறைக்குள் போய் இருமுவாய். ஐஸ் ஹொக்கி முடிவைச் சத்தமாகச் சொல்லுவாய். அவர் பேப்பரைத் திருப்புவார். ஒரு நாள் குசினியில் நின்று, அவர் பார்க்கப் பார்க்க, ஒரு கிளாஸை எடுத்து நிலத்தில் விட்டாய். தவறி விழவில்லை, விட்டாய். நான் கண்டேன். ஒரு ஏச்சாவது விழும் என்று நினைத்திருப்பாய். அவர் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டிப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாடகர் பயிற்சிக்குப் போனார். நீ அந்த இடத்திலேயே குந்தியிருந்து வெறுங்கையால் பொறுக்கினாய். விரல் வெட்டி இரத்தம் வந்தது. "அம்மா, அவர் அடிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றாய். அந்தப் பெடியனுக்குக் கதை கிடையாமல் இருக்கிறது என்ன என்று தெரியும். அந்த வலி தெரிந்த நீதான் அதை டிலானிக்குக் கொடுத்தாய். அதை நினைத்துத்தான் எனக்கு நித்திரை இல்லை.

கோபம் வருவது பாவம் இல்லை, ராசா. உன் அப்பாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. கோபம் வந்தால், எனக்குக் கோபம், இன்னதுக்குத்தான் கோபம் என்று வாயால் சொல்ல வேண்டும். எதிரில் இருக்கிறவள் தன் பக்கத்தைச் சொல்லுவாள். தோற்றும் போவாய். தோற்றுப் போய்ச் சோறு சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. அதைப் பழகாமல் இன்னொரு பெட்டையின் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகாதே. போனால் அவள் வந்து கேட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. வா. என் மேல் உனக்கு இருக்கிற கோபம் முழுவதையும் கொண்டு வா. நான் செய்தது துரோகம் என்று சொல், தாயா நீ என்று கேள், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுமட்டும் ஏசு. நானும் திருப்பி ஏசுவேன். நீ கத்துகிற சத்தம் எப்படி இருக்கும் என்று இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரியாது.

அம்மா